நெறிக்குள் என்ன நடக்கிறது?

வணக்கம். தென்னை மரத்தில் தேள் கொட்டினால் பனை மரத்தில் நெறி கட்டுமா என்று நக்கலாகக் கேட்பார்கள் இல்லையா? மரத்துக்கு எப்படியோ, மனுஷ உடம்பில் அது நடக்கத்தான் செய்கிறது. கால் பெருவிரலில் நகச்சுற்று வந்தால் தொடை இடுக்கில் புளியங்கொட்டை மாதிரி ஒன்று தட்டுப்படும், தொட்டால் வலிக்கும். அந்த நெறிக்குத்தான் எங்கள் புத்தகத்தில் நிணநீர்க்கணு என்று பேர். புதிதாக முளைத்த கட்டி இல்லை அது, எப்போதும் அங்கேயே இருப்பது, வேலை வந்ததும் பருத்துவிட்டது.

திசுக்களை மைக்ராஸ்கோப்பில் காட்டிப் பாடம் நடத்துவது என் பிழைப்பு. வானொலியில் ஸ்லைடு காட்ட முடியாது, அதனால் நீங்களே மனதில் வரைந்துகொள்ளுங்கள். கணுவை ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு கனத்துக்குச் சீவி, ஊதாவும் இளஞ்சிவப்புமாகச் சாயம் ஏற்றினால் ஓர் அவரை விதையின் குறுக்குவெட்டு மாதிரி தெரியும். திசுக்களிலிருந்து வடிந்து வரும் தெளிந்த திரவம்தான் நிணநீர்; புடைத்த பக்கம் பல குழாய்கள் வழியாக அது உள்ளே வந்து, உறைக்கு அடியில் ஒரு குறுகிய வாய்க்காலில் பரவி, உள்ளே கசிந்து, குழிந்த பக்கம் வெளியேறுகிறது. வழியெல்லாம் விழுங்கு செல்கள் உட்கார்ந்திருக்கும், கிருமி அதில் மாட்டும்.

ஓரத்தில் ஊதா உருண்டைகள் வரிசையாக இருக்கும், அவை பி செல்களின் இடம், கிருமியைப் பிடிக்கும் எதிர்ப்பொருள் என்ற புரதத்துக்கு மூலமான வெள்ளணுக்கள் இவை. சும்மா இருக்கிற உருண்டை முழுக்க ஒரே கருமை. தொற்று வந்து ஏறக்குறைய ஒரு வாரத்தில் பாருங்கள், நடுவில் வெளுத்துவிடும். இதை 1884-ல் பார்த்த ஜெர்மன் உயிரியலாளர் வால்தர் ஃபிளெமிங், லிம்போசைட்டுகள், அதாவது பி செல் போன்ற வெள்ளணுக்கள், இங்கேதான் பிறக்கின்றன என்று நினைத்து முளைமையம் என்று பொருள்படப் பெயர் வைத்தார். பெயர் நின்றுவிட்டது, காரணம் வேறு என்று பின்னால் தெரிந்தது. உண்மையில் அங்கே நடப்பது புடைத்தெடுக்கும் வேலை. பி செல்கள் வேகமாகப் பெருகும்போதே தங்கள் எதிர்ப்பொருளின் மரபணுவைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றிக்கொள்கின்றன, கிருமியை இறுகப் பிடிப்பவை தேறும், மற்றவை அங்கேயே செத்துப்போகும். செத்ததைத் தின்ற விழுங்கு செல்லின் வெளுத்த வயிற்றுக்குள் கருப்புத் துணுக்குகள் கிடப்பதை ஸ்லைடில் அப்படியே பார்க்கலாம். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது.

உருண்டைகளுக்கு உள்பக்கம், லிம்போசைட்டில் இன்னொரு வகையான டி செல்களின் பேட்டை. அங்கே ஓடும் சின்ன இரத்தக் குழாய்களின் உட்சுவர், மற்ற இடங்களில் போலத் தட்டையாக இல்லாமல் கொழுகொழுவென்று இருக்கும். இரத்தத்தில் போகிற லிம்போசைட்டு அதன் வழியாகத்தான் கணுவுக்குள் நுழைகிறது. இவை இரத்தத்துக்கும் நிணநீருக்கும் இடையே சுற்றிச் சுற்றி வருகின்றன என்பதை 1959-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜேம்ஸ் கோவன்ஸ் எலிகளில் காட்டினார்.

மண்ணீரலும் இதே குடும்பம்தான், ஆனால் அதற்கு நிணநீர் வரத்து கிடையாது, அது வடிகட்டுவது இரத்தத்தை. தொண்டையில் இருக்கும் டான்சிலும் அப்படித்தான், அதற்கு வாய்ப்பக்கம் அடுக்கடுக்கான தோல் போன்ற மூடி உண்டு. படிக்கிற காலத்தில் அந்த மூடியைக் கவனிக்காமல் டான்சிலை மண்ணீரல் என்று எழுதிவிட்டு நான் வாங்கிய திட்டு இருக்கிறதே, சரி, அது இப்போது எதற்கு.

அப்புறம் கண்டமாலை. கழுத்துக் கணுக்களில் காசநோய் இறங்கி, மாலை கோத்த மாதிரி வரிசையாக வீங்குவது. அந்த ஸ்லைடில் உருண்டையும் பேட்டையும் பல இடங்களில் அழிந்து, உட்கருவே இல்லாத இளஞ்சிவப்புத் திட்டுகள் கிடக்கும், சுற்றிலும் குதிரை லாடம் போல உட்கருக்களை அடுக்கிய ராட்சத செல்கள். இது பெரும்பாலும் வலிக்காது, அதனால்தான் பலர் அசட்டையாக விட்டுவிடுகிறார்கள். நகச்சுற்று நெறி புண் ஆறியபின் மெல்ல வற்றிவிடும். கழுத்தில் வலிக்காத கட்டி வாரக்கணக்கில் வற்றாமல் நின்றால் டாக்டரிடம் காட்டுங்கள், மெல்லிய ஊசியால் துளி உறிஞ்சி ஸ்லைடில் தடவிப் பார்ப்பார்கள்.