ஓட்டாஞ்சில்லு

நேயர்களுக்கு வணக்கம்.

சித்திரைத் திருவிழா முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மகள், மாப்பிள்ளை, பேரன், பேத்தி எல்லோருமாகக் கீழடி அருங்காட்சியகத்துக்குப் போய் வந்தோம். பேரனுக்கு ஒன்பது வயது, பேத்திக்கு ஆறு. முப்பது வருடம் தொடக்கப்பள்ளியில் பாடம் நடத்தியவள் நான். பிள்ளைகளை இப்படிப்பட்ட இடத்துக்கு எப்படிக் கூட்டிக்கொண்டு போவது என்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

போன வருடம் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். லீவுக்கு வந்த பிள்ளைகளுக்கு மதுரை முழுவதையும் காட்டிவிட வேண்டும் என்று, ஒரே நாளில் காலையில் திருமலை நாயக்கர் மகால், மத்தியானம் காந்தி மியூசியம், சாயங்காலம் மீனாட்சியம்மன் கோயில் என்று அலைந்தோம். ராத்திரி பேரனிடம், "என்னப்பா பார்த்தே?" என்று கேட்டேன். "ஜிகர்தண்டா குடிச்சோம் அம்மாச்சி" என்றான். அவன்மேல் தப்பில்லை. காந்தியடிகளின் இரத்தக்கறை படிந்த துணி இருக்கும் இடத்தைக்கூட, கோயிலுக்கு நேரமாகிறது என்று ஐந்து நிமிடத்தில் கடந்து இழுத்துக்கொண்டு போனது பெரியவர்கள் நாங்கள்தான். அது எனக்கு ரொம்ப நாள் உறுத்தலாகவே இருந்தது.

அதனால் இந்தத் தடவை ஒரே இடம், அதுவும் அவசரம் இல்லாமல் என்று முடிவு செய்தோம்.

பழங்கால மக்கள் வாழ்ந்த இடத்தைத் தோண்டிக் கண்டெடுத்த ஊர் கீழடி. சிவகங்கை மாவட்டத்தில் இருந்தாலும் மதுரைக்குப் பக்கம்தான். ராமேஸ்வரம் சாலையில் சிலைமானைத் தாண்டினால் வந்துவிடும், 12 கிலோமீட்டர் வாக்கில். அருங்காட்சியகம் 2023 மார்ச் 5 அன்று திறக்கப்பட்டது. செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் கட்டியிருக்கிறார்கள். வெயிலிலிருந்து உள்ளே நுழைந்ததுமே பிள்ளைகளின் முகம் தெளிந்துவிட்டது.

"இதெல்லாம் எவ்வளவு பழசு?" என்பதுதான் பேரனின் முதல் கேள்வி. 2,600 வருடம் என்றால் அந்த வயதில் என்ன புரியும்? மாப்பிள்ளை ஒரு வழி கண்டுபிடித்தார். "என் உயரத்துக்கு இரண்டு மடங்கு ஆழத்தில் குழி தோண்டு. அங்கே கிடைத்ததைச் சோதித்துத்தான் கி.மு. 580 என்று காலம் சொன்னார்கள்" என்றார். சோதனைக்கு அனுப்பிய அந்தப் பொருள் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்தது. பேரன் அப்பாவைக் கீழிருந்து மேலே பார்த்தான். அப்புறம் தரையைப் பார்த்தான். அவனுக்கு ஏதோ பிடிபட்டுவிட்டது.

பெயர் கீறிய பானை ஓடுகளுக்கு முன்னால்தான் பேத்தி நின்றுவிட்டாள். மாநிலத் தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்ட அறிக்கையில் மட்டும் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்துள்ள ஓடுகள் 56 என்று கணக்கு இருக்கிறது. ஆதன், குவிரன் என்று ஆட்களின் பெயர்கள். பெரும்பாலும் பானையைச் சுட்ட பிறகு, அதன் தோள்பகுதியில் கீறியவை. "பானையில ஏன் பேரு எழுதணும்?" என்று கேட்டாள். "நம்ம வீட்டு எவர்சில்வர் குடத்துல உங்க அம்மா பேரு வெட்டியிருக்குல்ல தாயி, கல்யாணத்துக்கு வாங்கினது?" என்றேன். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஓட்டிலும் யார் பேர் என்று கேட்டுக்கொண்டே வந்தாள். எழுத்தின் சாயல் ஓட்டுக்கு ஓடு மாறுகிறது. ஒரே எழுத்தர் உட்கார்ந்து எழுதிக்கொடுத்த மாதிரி இல்லை, அவரவர் பானையில் அவரவர் கீறியதுபோல் இருக்கிறது. அதை நினைக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆசிரியையாக இருந்தவளுக்கு இதைவிட என்ன வேண்டும்?

பகடை, நூல் நூற்கும் தக்களி, மணிகள், சுடுமண் வளையங்களை அடுக்கிக் கட்டிய உறைகிணறு எல்லாம் பார்த்தோம். ஆனால் பேரன் ஒட்டிக்கொண்டது வட்டச் சில்லுகளிடம். உடைந்த பானை ஓட்டை எடுத்து விளிம்பைத் தேய்த்து வட்டமாக்கியிருக்கிறார்கள். செங்கல் நிறம். ஒன்று ஐந்து ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிது, ஒரு பக்கம் லேசாகச் சப்பை. நான்காம் கட்ட அகழாய்வில் மட்டும் 600 வாக்கில் கிடைத்தனவாம். "இது ஓட்டாஞ்சில்லு. இதை எறிஞ்சுதான் நாங்க பாண்டி ஆடுவோம்" என்றேன். "நீங்களுமா அம்மாச்சி?" என்று அவன் கேட்ட கேள்வியில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களும் நானும் ஒரே தெருப் பிள்ளைகள் ஆகிவிட்டோம். அரை மணி நேரம் அங்கேயே நின்றான். யாரும் அவனைக் கூப்பிடவில்லை. மகள் ஒரு தடவை வாயெடுத்தாள், நான் கையைப் பிடித்து நிறுத்திவிட்டேன். பாதி அறைகளைப் பார்க்காமலே வெளியே வந்து, ஒரு மரத்தடியில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டோம்.

பிள்ளைகளுக்கென்றே உலகில் முதலில் தொடங்கிய அருங்காட்சியகம் 1899-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் திறந்தது. அங்கே பிள்ளைகள் பொருளைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். கீழடியில் எல்லாம் கண்ணாடிக்குள் இருக்கின்றன, இருக்கத்தான் வேண்டும். சரி, கையில் எடுக்கிற பகுதியை நம் வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது.

கொல்லையில் விரிசல் விட்ட பூந்தொட்டி ஒன்று கிடந்தது. அதை உடைத்துப் பேரன் ஓர் ஓட்டை எடுத்துக்கொண்டான். பழைய அம்மிக்கல்லில் தண்ணீர் தெளித்துத் தேய்க்க ஆரம்பித்தான். கல்லெல்லாம் சிவப்புக் குழம்பு. பத்து நிமிடத்தில் கை வலித்தது, ஆனால் ஒரு முனைகூட மழுங்கவில்லை. முதல் ஓடு இரண்டாக உடைந்தது. இரண்டாவது ஓடு வட்டமாவதற்கு இருட்டிவிட்டது. அப்போதும் ஒரு பக்கம் சப்பைதான். அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "அங்க இருந்ததும் இப்படித்தான் இருந்துச்சு" என்றான்.

மறுநாள் காலையில் வாசலில் கோலமாவால் கட்டம் போட்டேன். தெருப் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். பேத்தி தனக்கென்று ஒரு சில்லு கேட்டு வாங்கி, ஆணியால் அதில் தன் பெயரைக் கீறினாள். இடம் போதாமல் கடைசி எழுத்து பின்பக்கம் போய்விட்டது.

அந்தச் சில்லு இப்போது என் தையல் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது. பார்க்காமல் விட்ட அறைகளுக்குக் காலாண்டு லீவில் போவதாகப் பேசி வைத்திருக்கிறோம். நன்றி, வணக்கம்.