தலைக்கு மேல் ஒரு கழுகு

வணக்கம், நேயர்களே.

1560-ஆம் ஆண்டு. ஸ்பெயின்காரர்கள் மெக்சிகோவைப் பிடித்து நாற்பது வருஷம் ஆகப்போகிறது. வெஷோட்சின்கோ வட்டாரத்தில் வரி கட்டுவோரைக் கணக்கெடுக்கிறார்கள். அந்த ஏடு இன்று பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. பக்கம் பக்கமாக வரிசை வரிசையாக ஆண் தலைகள். ஒவ்வொரு தலையோடும் ஒரு சின்னப் படம்: கழுகு, முயல், பாம்பு, மான். முதலில் பார்க்கிறவர்களுக்கு அலங்காரம் போலத் தோன்றும். ஆனால் அது எழுத்து. அந்த மனிதரின் பெயரை வாய்விட்டு வாசிக்கலாம்.

அந்த மண்ணின் மக்கள் பேசிய மொழி நாவாட்டில். அவர்களின் நாள்காட்டியில் இருபது நாட்குறிகள். முதலை, பல்லி, பாம்பு, மான், முயல், நாய், குரங்கு, சிறுத்தை போன்ற ஜாகுவார், கழுகு, பிணந்தின்னிக் கழுகு என்று சரிபாதி விலங்குகள்தான். பிறந்த நாளின் குறியே பலருக்குப் பெயராகிவிடும். அதனால்தான் இத்தனை விலங்குகள்.

எல்லாப் பெயரும் நாள்காட்டியிலிருந்து வந்ததல்ல. ஸ்பெயின்காரர்கள் மெக்சிகோவில் வீழ்த்திய அஸ்டெக் பேரரசின் கடைசி அரசன் குவாத்தெமோக். பெயருக்குப் பொருள், இறங்கும் கழுகு. கழுகின் தலையை அலகு மண்ணைப் பார்க்கும்படி தலைகீழாக வரைந்தார்கள். சில இடங்களில் பக்கத்தில் கீழே இறங்கும் காலடித் தடங்களும் உண்டு. கழுகுக்கு மனிதக் காலடியா என்று கேட்கக் கூடாது. காலடி அங்கே 'இறங்கு' என்ற வினைச்சொல்.

என்னை மிகவும் கவர்ந்த பெயர் இட்ஸ்கோவாத்ல். 1427 முதல் 1440 வரை ஆண்ட அஸ்டெக் அரசன். எரிமலைக் கண்ணாடிக்கல் பாம்பு என்று பொருள். முதுகெல்லாம் கூரிய கல் துருத்தி நிற்கும் பாம்பாக வரைவது வழக்கம். ஆனால் வெர்காரா ஏடு என்னும் நிலக்கணக்கில் இதே பெயருக்குப் பாம்பே இல்லை! கண்ணாடிக்கல் முனைகள், ஒரு பானை, கொஞ்சம் தண்ணீர். கல்லுக்கு 'இட்ஸ்த்லி', பானைக்கு 'கோமித்ல்', தண்ணீருக்கு 'ஆத்ல்'. மூன்றின் ஒலியையும் சேர்த்தால் இட்ஸ்-கோ-ஆத்ல். தமிழில் கலை என்ற பெண்ணின் பெயரை ஒரு கலைமானை வரைந்து காட்டுகிற மாதிரி. இதைப் பார்த்த பிறகும் 'வெறும் சித்திர எழுத்து' என்று இதை ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியாது.

அந்த வரி ஏட்டுக்கே திரும்புகிறேன். ஞானஸ்நானத்தில் கிடைத்த ஹுவான், பேத்ரோ போன்ற பெயர்கள் அதில் லத்தீன் எழுத்தில் இருக்கின்றன. அதையடுத்து அவரவரின் நாவாட்டில் பெயர். ஹுவான்கள் அந்த வட்டாரத்தில் ஏராளம். எந்த ஹுவான் வரி கட்டினார் என்று ஊராருக்குச் சொன்னது, அவர் தலையருகே இருந்த அந்தக் கழுகுதான்.

நன்றி, நேயர்களே.