நட்சத்திரம் நிற்கும் இடம்

வணக்கம் நேயர்களே.

சென்னையில் குடியேறிய எவரும் ஊருக்குப் போகும்போது இரண்டு கேள்விகளுக்குத் தயாராகப் போக வேண்டும். "தண்ணி வருதா?" என்பது ஒன்று. "ரஜினியைப் பார்த்திருக்கியா?" என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு உண்மையைச் சொல்லிவிடலாம். இரண்டாவதற்கு உண்மையைச் சொன்னால் இருக்கிற மரியாதையும் போய்விடும். "இத்தனை வருஷமா அங்க என்னதான் பண்றே?" என்று யாராவது ஒரு சித்தப்பா கேட்டே தீருவார்.

பிரபலங்களைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில் தப்பில்லை. எனக்கும் உண்டு. ஆனால் அவர்கள் குடியிருக்கும் தெருவில் போய் நின்றால் பார்த்துவிடலாம் என்று நினைக்கிறோமே, அங்கேதான் கால் கடுத்துப்போகிறது. ரஜினி குடியிருக்கும் போயஸ் தோட்டத்தில் போய் நின்றால் பெரும்பாலான நாட்களில் கேட்டும் காவலாளியும்தான் தெரியும். அவர் பிறந்தநாளான டிசம்பர் 12 அன்று கூட்டம் கூடும், ஆனால் கூட்டத்தைத்தான் பார்ப்பீர்கள். என் கணக்கு வேறு. அவர்களும் நம்மைப் போல நின்றே ஆக வேண்டிய இடம் எது என்று பார்க்க வேண்டும்.

பழைய சென்னைவாசிகளுக்கு அந்த இடம் நன்றாகத் தெரிந்திருந்தது. கோடம்பாக்கம் ரயில்வே கேட். நடிகர்களில் பலர் வீடு கட்டியிருந்தது தண்டவாளத்துக்குக் கிழக்கே, தி. நகரிலும் நுங்கம்பாக்கத்திலும். ஸ்டூடியோக்கள் இருந்தது மேற்கே. காரைக்குடியில் இருந்த ஏவி.எம். 1948இல் வடபழனிக்கு வந்தது. அருகிலேயே வாகினி. சாலிகிராமத்தில் நடிகை பானுமதி குடும்பத்தின் பரணி. ஆக, காலையில் மேக்கப் போடப் போகிறவர் தண்டவாளத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். கடற்கரை - தாம்பரம் பாதையில் 1931லேயே மின்சார ரயில் வந்துவிட்டது, கேட் மூடுவதற்குக் குறைவே இல்லை. சிவாஜி வந்தாலும் சாவித்திரி வந்தாலும் ரயில் போகிறவரை கார் நின்றாக வேண்டும். ரசிகர்கள் அதைத் தெரிந்துகொண்டு கேட் பக்கமே காத்துக் கிடந்தார்கள். ஏர் கண்டிஷன் இல்லாத கார்கள், கண்ணாடியை இறக்காமல் உட்கார முடியாது. அப்புறம் 1960களில் மேம்பாலம் வந்தது. போக்குவரத்துக்கு நல்லதுதான். ரசிகருக்குப் பெரிய நஷ்டம்.

வீட்டு வாசலில் நின்றே தரிசனம் கிடைத்த கதையும் ஒன்று உண்டு. தி. நகர் பசுல்லா சாலையில் என்.டி.ராமராவ் இருந்தார். ஆந்திராவிலிருந்து திருப்பதிக்குப் போனவர்கள் மொட்டையடித்துக்கொண்டு, அதே பஸ்ஸில் சென்னைக்கும் வந்து அவர் வீட்டு முன்னால் இறங்குவார்கள். மலையில் பெருமாளைப் பார்த்தாயிற்று, திரையில் கிருஷ்ணனாகவும் வேங்கடேசுவரனாகவும் வந்தவரை இங்கே பார்த்துவிட்டுப் போகலாம் என்று. அவரும் வெளியே வந்து கும்பிட்டு அனுப்புவார். 1982இல் கட்சி தொடங்கி, அடுத்த ஆண்டே ஹைதராபாத்தில் முதலமைச்சராக உட்கார்ந்துவிட்டார். அந்த பஸ்களும் நின்றுபோயின.

இப்போது நிலைமை கஷ்டம்தான். வாகினி இருந்த இடத்தில் மருத்துவமனையும் பெரிய மாலும் நிற்கின்றன. ஜெமினி ஸ்டூடியோ மேம்பாலத்தின் பேச்சுவழக்குப் பெயரில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. பெரிய படங்களின் செட்டு செம்பரம்பாக்கம் பக்கமோ ஹைதராபாத்திலோ போடுகிறார்கள். கார் கண்ணாடியில் கறுப்பு பிலிம் ஒட்டக் கூடாது என்று 2012இல் உச்ச நீதிமன்றம் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் நப்பாசை வந்தது. திரைச்சீலை போட்டுக்கொண்டார்கள், சிலர் அதுவும் இல்லாமல் பழையபடியே போகிறார்கள்.

ஆனாலும் சாலிகிராமம், வளசரவாக்கம் பக்கம் குடியிருப்பவர்கள் பாக்கியசாலிகள். அங்கே டீக்கடையில் நிற்பவரின் முகம் உங்களுக்கு நன்றாகத் தெரியும், பெயர்தான் தெரியாது. "கல்யாண மண்டபத்துல மாப்பிள்ளைக்கு மாமாவா வந்து சண்டை போடுவாரே, அவர்" என்றுதான் வீட்டில் போய்ச் சொல்ல முடியும். பெரிய நட்சத்திரத்தைவிட இவர்களைப் பார்ப்பதுதான் எனக்குப் பிடிக்கும். இவர்கள் நின்று பேசுவார்கள். அடுத்த படம் எது, சம்பள பாக்கி வந்ததா, பையன் என்ன படிக்கிறான் என்று பேச்சு போகும். டப்பிங் கலைஞர்கள் இன்னும் விசேஷம். காய்கறிக் கடையில் கத்தரிக்காய் முற்றலாக இருக்கிறதே என்று ஒரு பெண்மணி கேட்கும்போது, போன வாரம் சினிமாவில் அழுத கதாநாயகியின் குரல் கேட்கும். திரும்பிப் பார்த்தால் அந்த முகம் இல்லை. வானொலிக்காரர்களுக்கும் இதே கதிதான். எதிரே இருக்கும் அறிவிப்பாளர் சிரிக்கிறார், ஆமோதிக்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன்.

சினிமா மட்டும்தான் பிரபலமா? மார்கழியில் மியூசிக் அகாடமிக்கோ நாரத கான சபாவுக்கோ போய்ப் பாருங்கள். நேற்று மேடையில் இரண்டரை மணி நேரம் பாடி அரங்கத்தையே எழுப்பிய வித்வான், இன்று கேன்டீன் வரிசையில் உங்களுக்கு முன்னால் டோக்கனோடு நிற்பார். அடை வர நேரமாகும் என்றால் அவருக்கும் நேரமாகும். "நேத்து தோடி ரொம்ப நன்னா இருந்தது" என்று சொன்னால் ஐந்து நிமிஷம் பேச்சு கிடைக்கும். பாடிய ராகம் தோடிதானா என்பதை மட்டும் முன்கூட்டியே யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, பெரிய நட்சத்திரத்தையேதான் பார்க்க வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கு ஒரு நாள் இருக்கிறது. வாக்குப்பதிவு நாள். இதற்கு மட்டும் ஆளை அனுப்ப முடியாது, அவரேதான் வர வேண்டும். எந்தச் சாவடி என்பதும் ஊருக்கே தெரியும். ரஜினி என்றால் ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரி. அஜித் என்றால் திருவான்மியூர், அதுவும் அதிகாலையிலேயே வந்துவிடுவார். 2021 ஏப்ரல் 6 அன்று நீலாங்கரையில் விஜய் சைக்கிளிலேயே வந்து ஓட்டுப் போட்டார். தேர்தல் நாளில் அந்த வட்டாரத்துக்காரர்கள் வழக்கத்தைவிடச் சீக்கிரம் குளித்துவிட்டுக் கிளம்புவதற்கு ஜனநாயகப் பற்று மட்டுமே காரணம் என்று நான் நம்பவில்லை.

ஆனால் வேடிக்கை பார்க்கிறவர்களைச் சாவடிக்குள் விடமாட்டார்கள், அந்தச் சாவடியில் உங்களுக்கும் ஓட்டு இருக்க வேண்டும். பத்து வருஷமாகத் திருவான்மியூரில் வாடகைக்கு இருந்துகொண்டு, ஓட்டை மட்டும் இன்னும் திருநெல்வேலியில் வைத்திருப்பவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். வீடு மாறினால் வாக்காளர் பட்டியலில் பெயரைப் புது முகவரிக்கு மாற்றுவதற்குப் படிவம் 8. வீட்டிலிருந்தே இணையத்தில் நிரப்பலாம். நன்றி, வணக்கம்.