ஒரு ரேஸுக்கு ரெண்டு சத்தம்

[காட்சி: இருட்டு. வீட்டுத் திண்ணை. ஒரு செல்போனைச் சுற்றி நாலு தலைகள்.]

வணக்கம். 2024 ஆகஸ்ட் 8ஆம் தேதி ராத்திரி, பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் பாதி வீட்டில் விளக்கு அணையவில்லை. அதற்குக் காரணம் ஹர்டில்ஸ் என்கிற தடை தாண்டும் ஓட்டம் இல்லை, நீரஜ் சோப்ரா. பாரிஸ் ஒலிம்பிக்கில் ஈட்டி எறிதல் இறுதிச்சுற்று நடந்துகொண்டிருந்தது. பாகிஸ்தானின் அர்ஷத் நதீம் 92.97 மீட்டர் எறிந்துவிட்டார். நீரஜ் 89.45ல் நிற்கிறார். அடுத்த எறி எப்போது வரும் என்று போனையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

மணி ஒன்றை நெருங்கியபோது கேமரா ட்ராக் பக்கம் திரும்பியது. பெண்கள் 400 மீட்டர் ஹர்டில்ஸ் இறுதி. அத்தை கொட்டாவி விட்டபடி சொன்னாள்: "இது என்னத்துக்கு இப்போ? ஈட்டியக் காட்டச் சொல்லு."

ஐம்பது செகண்ட் கழித்து அதே அத்தை எழுந்து நின்றிருந்தாள்.

[காட்சி: கறுப்புத் திரை. வெள்ளை எழுத்தில் 50.37.]

அமெரிக்காவின் சிட்னி மெக்லாக்லின் லெவ்ரோன். 50.37 விநாடி, உலக சாதனை. அந்த ராத்திரி எங்கள் திண்ணையில் இரண்டு தடவை சத்தம் எழுந்தது. அவர் கோட்டைத் தொட்டதும் ஒன்று. நேரம் திரையில் வந்து, அதன் பக்கத்தில் உலக சாதனை என்று எழுத்து விழுந்ததும் இன்னொன்று. இரண்டாவதுதான் பெரியது. ஏன் அப்படி? இந்த வீடியோ அதைப் பற்றித்தான்.

ரேஸின் காட்சியை இங்கே போட முடியாது. போட்டால் பதிப்புரிமைக்காரர்கள் வீடியோவையே தூக்கிவிடுவார்கள். அதனால் சுண்ணாம்புப் பொடியும் ஒரு டேப்பும் எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு வந்திருக்கிறோம்.

[காட்சி: காலை. பள்ளி மைதானம், செம்மண். என் அண்ணன் மகள், எட்டாம் வகுப்பு, சுண்ணாம்பு வாளியோடு.]

முதலில் கணக்கு. 400 மீட்டர் ஹர்டில்ஸில் பத்துத் தடைகள். பெண்களுக்கு ஒவ்வொன்றும் 76.2 சென்டிமீட்டர், ஏறத்தாழ நம் வீட்டுச் சாப்பாட்டு மேசை உயரம். தொடக்கக் கோட்டிலிருந்து முதல் தடை 45 மீட்டர். பிறகு தடைக்குத் தடை 35 மீட்டர். கடைசித் தடைக்கு அப்புறம் கோடு வரை 40 மீட்டர். தடை விழுந்தால் பரவாயில்லை, வேண்டுமென்றே தள்ளிவிடக் கூடாது, அவ்வளவுதான். எனக்குப் பள்ளிக்கூடத்தில் இதை யாரும் சொல்லவில்லை. குறுவட்டப் போட்டியில் மூன்றாவது தடையைத் தட்டிவிட்டு, அவுட் ஆகிவிட்டேன் என்று நானே நின்றுவிட்டேன். முழங்காலுக்குக் கீழே தழும்பு இன்னும் இருக்கிறது. காட்டமாட்டேன்.

அந்த 35 மீட்டரில்தான் சூட்சுமம். 15 காலடி வைத்தால் ஒவ்வொரு தடைக்கும் ஒரே கால் முன்னால் போகும். 14 காலடி வைத்தால் கால் மாறி மாறி வரும், ஒரு தடைக்கு இடது, அடுத்ததற்கு வலது. பெரும்பாலானவர்களுக்கு ஒரு கால்தான் பழக்கம். நம்மில் பலருக்கு இடது கையால் எழுத வராது இல்லையா, அது மாதிரி. சிட்னிக்கு இரண்டு காலும் ஒன்றுதான். அவர் தடையைத் தாண்டுவதாகவே தெரியாது, வாசற்படியைக் கடந்து வீட்டுக்குள் போகிற மாதிரி போவார்.

பார்க்கிறவர்களுக்குச் சிக்கலும் அதில்தான். சுலபமாகத் தெரிகிறது. 50.37க்கும் 51.37க்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. கிரிக்கெட்டில் சிக்சர் அடித்தால் பந்து கூரை மேல் விழுவதைப் பார்க்கிறோம். ஓட்டத்தில் சாதனையைப் பார்க்க முடியாது, படிக்கத்தான் முடியும். முதல் சத்தம் ஜெயித்ததற்கு, இரண்டாவது சத்தம் எண்ணுக்கு.

எண் உடனே வருவதும் இல்லை. ஒரு ஓட்டக்காரர் எப்போது முடித்தார் என்பதை அவருடைய உடற்பகுதி, அதாவது கழுத்துக்குக் கீழே இடுப்புக்கு மேலே உள்ள பகுதி, கோட்டைத் தொடுவதை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். தலை, கை, கால் எதுவும் செல்லாது. கோட்டை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு கேமராவின் படத்தை ஒருவர் உட்கார்ந்து வாசித்துத்தான் அதிகாரபூர்வ நேரம் சொல்கிறார். மைதானத்துக் கடிகாரம் முதலில் காட்டுவது ஒரு தோராயம்.

அந்தத் தோராயம் ஒரு தடவை ஒரு பெண்ணை என்ன பாடு படுத்தியது என்று சொல்கிறேன்.

[காட்சி: சுண்ணாம்பில் தரையில் எழுதியது: 12.58. கால் அதை அழிக்கிறது.]

2016 ஜூலை 22, லண்டன், பெண்கள் 100 மீட்டர் ஹர்டில்ஸ். கேந்திரா ஹாரிசன் என்ற அமெரிக்கப் பெண். இரண்டு வாரம் முன்புதான் ஒலிம்பிக் தேர்வில் ஆறாவதாக வந்து, ரியோ வாய்ப்பைத் தவறவிட்டிருந்தார். லண்டனில் முதலாவதாக வந்தார். கடிகாரம் 12.58 என்றது. சரி, ஜெயித்தாயிற்று. கொஞ்ச நேரத்தில் எண் மாறியது: 12.20, உலக சாதனை. ஹாரிசன் தரையில் சரிந்துவிட்டார். பல்கேரியாவின் யோர்டாங்கா டோன்கோவா 1988ல் ஓடிய 12.21 அதுவரை 28 வருடம் அசையாமல் இருந்தது. அசைந்தது எவ்வளவு? விநாடியில் நூறில் ஒரு பங்கு.

நூறில் ஒரு பங்கு என்றதும் எங்கள் சித்தப்பா பெருமூச்சு விடுவார். தென்பாண்டிச் சீமையில் அறுபது தாண்டிய எந்த விளையாட்டுப் பைத்தியத்திடமும் இதைச் சொல்லிப் பாருங்கள். அதே பெருமூச்சு வரும்.

1984 ஆகஸ்ட் 8, லாஸ் ஏஞ்சலஸ். பெண்கள் 400 மீட்டர் ஹர்டில்ஸ் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்ட முதல் வருடம். மொராக்கோவின் நவால் எல் முத்தவக்கில் 54.61 ஓடித் தங்கம் வாங்கினார். மூன்றாவது ருமேனியாவின் கோஜோகாரு, 55.41. நான்காவது பி.டி. உஷா, 55.42.

சித்தப்பா அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். டீக்கடையில் பேப்பரை நாலு பேர் ஒரே நேரத்தில் பிடித்து இழுத்து, அந்தப் பக்கமே கிழிந்துபோனது என்பார். "நெஞ்ச கொஞ்சம் முன்னால தள்ளியிருந்தா போதும் பிள்ளே." நாற்பது வருடமாக இதே வசனம்.

[காட்சி: சுண்ணாம்புக் கோடு. அதன் மேல் ஒரு சின்னக் கை, நாலு விரலைச் சேர்த்து வைக்கிறது.]

அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று பார்க்கலாம். உஷாவின் சராசரி வேகம் விநாடிக்கு 7.2 மீட்டர். நூறில் ஒரு பங்கில் 7.2 சென்டிமீட்டர். நாலு விரற்கடை. 400 மீட்டர் ஓடி, பத்துத் தடை தாண்டி, நாலு விரல். டேப்பில் படித்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அண்ணன் மகள் கோட்டில் கையை வைத்துவிட்டு, "அத்தை, இவ்ளோதானா?" என்று நிமிர்ந்து பார்த்தபோதுதான் தொண்டையை அடைத்தது.

இப்போது அந்தக் கையைத் தூக்கிவிட்டுப் பெரிய டேப்பை இழுப்போம். 50.37ல் சிட்னி கோட்டைத் தொடும் நொடியில், 55.42 வேகத்தில் ஓடுகிறவர் எங்கே இருப்பார்? சராசரியை வைத்துப் பார்த்தால் 36 மீட்டர் பின்னால், அப்போதுதான் பத்தாவது தடையைத் தாண்டித் தரையில் கால் வைத்திருப்பார். இன்னொன்றும் சொல்கிறேன். 2018ல் ஜகார்த்தா ஆசியப் போட்டியில் ஹிமா தாஸ் தடையே இல்லாத 400 மீட்டரை 50.79ல் ஓடி இந்திய சாதனை வைத்தார். சிட்னி பத்துத் தடையோடு அதைவிட வேகம்.

அந்த ராத்திரி சித்தப்பா கேட்டது இதைத்தான். "ஏட்டி, அது அம்பதா, அம்பத்தாறா? என் கண்ணாடிய எடு." கண்ணாடி போட்டுப் பார்த்தும் நம்பவில்லை. அத்தைக்கு வேறு கவலை. "அந்தப் பிள்ள தனியா ஓடுதாளே, மத்தவ எல்லாம் எங்க?"

நல்ல கேள்வி. எல்லாரும் எதிர்பார்த்தது இரண்டு பேர் மோதும் ரேஸ். நெதர்லாந்தின் பெம்கே போல் அதற்கு முந்தைய மாதம்தான் 50.95 ஓடியிருந்தார். 51க்குள் ஓடியவர்கள் உலகத்திலேயே இந்த இரண்டு பேர்தான். கடைசி நூறு மீட்டரில் போல் துவண்டு 52.15ல் மூன்றாவதாக வந்தார். வெள்ளி அன்னா காக்ரெலுக்கு, 51.87. முதலுக்கும் இரண்டாவதுக்கும் ஒன்றரை விநாடி.

எனக்கு இங்கே ஒரு சந்தேகம் உண்டு. உலகமே சிட்னியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எங்கள் திண்ணையில் பாதிப் பேர் போலுக்காக 'ச்சூ' கொட்டினார்கள். நாம் பின்னாலிருந்துதான் பார்க்கிறோம். நாலாவதாக வந்தவரிடம் மனசைக் கொடுத்து வளர்ந்த கூட்டம் நாம். 2021 டோக்கியோவிலும் இதேதான். சிட்னி 51.46. இரண்டாவதாக வந்த டலிலா முகமது 51.58. டலிலாவும் பழைய உலக சாதனையைவிட வேகமாக ஓடினார், ஆனாலும் தோற்றார். கொரோனா காலம், மைதானத்தில் பார்வையாளரே கிடையாது. ஆர்ப்பரிக்க ஆளில்லாத உலக சாதனை. சித்தப்பா அன்றைக்கு முழுக்க டலிலாவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

வளர்ச்சி எவ்வளவு வேகம் என்றும் பாருங்கள். 2003ல் ரஷ்யாவின் பெச்சோன்கினா ஓடிய 52.34 பதினாறு வருடம் நின்றது. 2019ல் டலிலா அதை 52.20 ஆக்கினார். அங்கிருந்து ஐந்தே வருடத்தில் 50.37. பெச்சோன்கினா ஓடிய தேதியும் ஆகஸ்ட் 8. உஷா ஓடியதும் ஆகஸ்ட் 8. பாரிஸும் ஆகஸ்ட் 8, நமக்கு மட்டும் நள்ளிரவு தாண்டி 9 ஆகியிருந்தது. ஜோசியம் பார்க்கிற பக்கத்து வீட்டு மாமாவிடம் இதைச் சொல்லி மாட்டிக்கொண்டேன், அது தனிக் கதை.

[காட்சி: வெட்டவெளி. தூரத்தில் காற்றாலைகள்.]

சாதனை விழுந்தால் எல்லாரும் கைதட்டுவார்கள் என்று இல்லை. 2022 ஜூலை 24, அமெரிக்காவின் யூஜின் நகரம், உலக சாம்பியன்ஷிப், 100 மீட்டர் ஹர்டில்ஸ் அரையிறுதி. நைஜீரியாவின் டோபி அமுசன் 12.12 ஓடினார். டோன்கோவாவிடமிருந்து ஹாரிசன் 28 வருடம் கழித்துக் குறைத்தது ஒரு நூறில் ஒரு பங்கு, அமுசன் ஒரே ரேஸில் குறைத்தது எட்டு. உடனே கடிகாரம் கோளாறா, அவர் போட்டிருந்த ஸ்பைக்ஸ் காலணி காரணமா என்று கேள்விகள். பழைய ஓட்ட ஜாம்பவான் மைக்கேல் ஜான்சனே நேரக் கணக்கு சரியாக இருக்குமா என்று சந்தேகப்பட்டார். ரசிகர்கள் அவரைப் பிடித்துக் காய்ச்சினார்கள். நியாயமான கோபம் என்றுதான் சொல்வேன். ஹாரிசனின் கடிகாரம் மாறியபோது சிரித்துக் கைதட்டியவர்கள், அமுசனுடையது மாறாதபோது ஏன் சந்தேகப்பட வேண்டும்?

அன்றே இறுதியில் அமுசன் 12.06 ஓடித் தங்கம் வாங்கினார். அது சாதனைப் பட்டியலில் இல்லை. பின்காற்று விநாடிக்கு 2.5 மீட்டர். 2.0க்கு மேல் போனால் பதக்கம் உண்டு, சாதனை கிடையாது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று நாம் சொல்வதை அங்கே கருவி வைத்து அளக்கிறார்கள். கயத்தாறு பக்கம் ஆடி மாதம் ரேஸ் வைத்தால் ஒரு சாதனையும் தேறாது.

இனி நம்ம பக்கம். 2023 அக்டோபர், ஹாங்சோ ஆசியப் போட்டி. 100 மீட்டர் ஹர்டில்ஸில் சீன வீராங்கனை ஒருவர் துப்பாக்கிக்கு முன்பே கிளம்ப, பக்கத்தில் இருந்த நம் ஜோதி யாராஜியையும் சேர்த்து வெளியே அனுப்பப் பார்த்தார்கள். ஜோதி ட்ராக்கிலேயே நின்று வாதாடினார். கடைசியில் இருவரையும் ஓடவிட்டு, பிறகு சீனப் பெண்ணை நீக்கி, ஜோதிக்கு வெள்ளி கொடுத்தார்கள். வெண்கலம் என்று படுக்கப்போனவர்களுக்கு விடிந்தபோது வெள்ளி.

மறுநாள் கோயம்புத்தூர்ப் பெண் வித்யா ராம்ராஜ் 400 மீட்டர் ஹர்டில்ஸ் ஹீட்ஸில், அதாவது தகுதிச் சுற்றில், ஓடினார். நேரம் திரையில் வந்தது.

[காட்சி: சுண்ணாம்பில் 55.42. கேமரா நகராமல் நிற்கிறது.]

39 வருடம் கழித்து, அதே எண். தேசிய சாதனை சமன். அடுத்த நாள் இறுதியில் 55.68 ஓடி வெண்கலமும் வாங்கினார். எங்கள் வீட்டில் அந்த ஹீட்ஸுக்கு எழுந்த சத்தத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பாதி சந்தோஷம், பாதி 'ஐயோ'. சித்தப்பா எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "சவத்த, அந்த ஒண்ணு இன்னும் அங்கனேயேதான் இருக்கு" என்றார். 55.41 என்று வந்திருந்தால் தீர்ந்திருக்கும் என்பது அவர் கணக்கு. கணக்குப்படி தப்பு. அது வித்யாவுக்குச் சாதனையாகியிருக்கும், உஷாவுக்குப் பதக்கம் ஆகியிருக்காது. ஆனால் அவரிடம் யார் சொல்வது?

[காட்சி: மைதானம். மூன்றே மூன்று தடைகள், பி.வி.சி. குழாயில் செய்தவை. கோட்டருகே சித்தப்பா, கையில் போன்.]

கடைசியாக ஒரு சோதனை. அண்ணன் மகளுக்கு அடுத்த மாதம் குறுவட்டப் போட்டி. நேரம் பார்க்கும் பொறுப்பு சித்தப்பாவுக்கு. "ரெடி" என்றேன். ஓடினாள். முதல் தடை சுத்தம், இரண்டாவது சுத்தம், மூன்றாவதைப் பின்னங்காலால் தட்டினாள், குழாய் உருண்டு போனது. அவள் நிற்கவில்லை. கோட்டில் நெஞ்சை முன்னால் தள்ளினாள், அதை மட்டும் தாத்தாவிடம் நூறு தடவை கேட்டிருக்கிறாளே.

சித்தப்பா போட்ட சத்தத்தில் வேப்ப மரத்துக் காக்கா பறந்தது. ஓடிப்போய், "தாத்தா, எவ்ளோ?" என்றாள். அவர் போனைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுத் திரும்பப் பார்த்தார்.

அப்புறம் இரண்டாவது சத்தம்.

"ஏ பிள்ளே, நான் பட்டனையே அமுக்கலியே!"