அந்நிய விலங்குகளின் பரவலும் காலநிலைக் கணிப்பும்

அன்பார்ந்த நேயர்களே, வணக்கம். மழை விட்ட காலையில் கொழும்பின் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ மதிலில் ஊரும் பெரிய நத்தையை நீங்கள் கண்டிருப்பீர்கள். அது கிழக்கு ஆபிரிக்காவிலிருந்து வந்தது. இவ்வாறு வந்து குடியேறும் விலங்கு அடுத்து எங்கே பரவக்கூடும் என்பதைக் காலநிலைக் கணிப்பு ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடும். ஒரு விலங்கு இதுவரை பதிவான இடங்களின் வெப்பம், மழை, வறட்சி மாதங்கள் ஆகியவற்றைத் திரட்டிக் கொடுத்தால், அவற்றோடு ஒத்துப்போகும் பிற இடங்களைக் கணினி தேடித் தரும். வருங்கால வெப்பநிலையைக் கொடுத்தால் வருங்காலத்துக்கான இடங்களையும் தரும். இது சாதகப் பொருத்தம் பார்ப்பதைப் போன்றது. பொருத்தம் இருப்பதால் மட்டும் கலியாணம் நடந்துவிடாது. விலங்கு அங்கே போய்ச் சேரக் கப்பலோ லொறியோ காற்றோ வேண்டும்.

மன்னார் நுளம்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அவ்வாண்டு முடிவதற்குள், இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்னும் நுளம்பு மன்னாரில் கண்டறியப்பட்டது. முன்பு இங்கே மலேரியாவைப் பரப்பிய நுளம்பு, ஆறு வற்றும்போது மணலில் தேங்கும் குட்டைகளில் பெருகியது. ஆகவே மழைக்கணக்கு அதற்குப் பெரிதும் பொருந்தியது. புதிய நுளம்போ வீட்டுக் கிணற்றிலும் சீமெந்துத் தொட்டியிலும் பெருகுகிறது. கிணற்றுக்குள் நிழலும் குளிர்ச்சியும் நீரும் இருக்கையில், வெளியே மாதக்கணக்கில் மழை இல்லாதது அதற்கு ஒரு பொருட்டே அன்று. வாளியில் அள்ளிய நீரை உற்றுப் பாருங்கள்: அனோபிலிஸ் குடம்பிக்கு மூச்சுக்குழல் இல்லாததால் அது நீர்மட்டத்தோடு ஒட்டிக் கிடையாகக் கிடக்கும், டெங்கு நுளம்பின் குடம்பி தலைகீழாகத் தொங்கும்.

இதே நுளம்பு 2012இல் ஆபிரிக்காவின் ஜிபூட்டியில் கண்டறியப்பட்டது. 2020இல் வெளியான ஆய்வொன்று, காலநிலையோடு மக்கள் அடர்த்தியையும் சேர்த்துக் கணித்து, ஆபிரிக்காவின் 44 நகரங்கள் அதற்கு மிகவும் உகந்தவை என்றும் அங்கே சுமார் 12 கோடியே 60 இலட்சம் மக்கள் வாழ்கிறார்கள் என்றும் காட்டியது. பின்னர் கானாவிலும் அது அகப்பட்டது. மனிதர் நீரைச் சேமிக்கும் வழக்கத்தைக் கணக்கில் எடுக்காத காலநிலைக் கணிப்பு அரைகுறையானது என்பதே என் உறுதியான கருத்து.

இன்னொன்றும் சொல்கிறேன், கணிப்பின் தரம் பதிவுகளின் தரத்தைத் தாண்டாது. பதிவுகள் பெரும்பாலும் நெடுஞ்சாலை ஓரங்களிலிருந்தும் பல்கலைக்கழகங்களின் சுற்றுப்புறங்களிலிருந்துமே கிடைக்கின்றன. உள்ளூர்க் கிணறுகள் விடுபட்டுப் போகின்றன. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் “தேடினேன், இல்லை” என்று எழுதிவைக்கும் ஒரு வரி, “கண்டேன்” என்னும் வரிக்குச் சற்றும் குறைந்த மதிப்புடையதன்று. அத்தகைய வரிகள் கணிப்புச் செய்யும் எங்களுக்கு மிக அரிதாகவே கிடைக்கின்றன.

நேரம் நெருங்கிவிட்டதால், சோளப் பயிரைத் தின்னும் படைப்புழுவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2016இல் மேற்கு ஆபிரிக்காவிலும் 2018இல் இந்தியாவிலும், அவ்வாண்டின் பிற்பகுதியில் நம் சோளக் காணிகளிலும் அது தென்பட்டது. உறைபனியைத் தாங்காத அந்தப் புழுவுக்கு நம் சமவெளிகளில் ஆண்டு முழுவதும் இடமுண்டு. சோளச் செய்கையாளர்களே, குருத்தை விரித்துப் பாருங்கள். புழுவின் தலையில் கவட்டை வடிவ வெளிர்கோடும் வால்புறத்தில் சதுரமாக நான்கு கரும்புள்ளிகளும் தெரிந்தால், இடத்தையும் திகதியையும் குறித்து விவசாயப் போதனாசிரியரிடம் கொடுங்கள். வணக்கம்.