சிம்கோ ஏரியில் வழிகாட்டியோடு ஒரு நாள்

நேயர்களுக்கு அன்பான வணக்கம்.

நாம் வாழும் ரொறன்ரோ நகரத்துக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று பிள்ளைகள் கேட்டால் நம்மில் பலருக்கு உடனே விடை சொல்ல வராது. மோஹாக் மொழியில் 'நீரில் மரங்கள் நிற்கும் இடம்' என்று பொருள்படும் ஒரு சொல்லே திரிந்து ரொறன்ரோ ஆயிற்று என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்டிருக்கும் விளக்கம். நகரத்துக்கு வடக்கே, ஒரிலியாவுக்கு அருகில், சிம்கோ ஏரியும் கூச்சிச்சிங் ஏரியும் சந்திக்கும் ஒடுங்கிய நீர்வழியில், மீனை மறித்துப் பிடிப்பதற்காக முதற்குடி மக்கள் நீரடி மண்ணில் நட்ட தடிகளைத்தான் அந்தச் சொல் குறித்தது. ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முன்னர் தொடங்கிய அந்த மீன்வேலியின் எச்சங்கள் இன்றும் நீருக்கடியில் இருக்கின்றன. 1982ஆம் ஆண்டில் அது தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. யாழ்ப்பாணக் கடனீரேரியில் சிறகுவலை கட்டுவதற்குத் தடி நடுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். இந்த நாட்டுக்கு வந்து பல ஆண்டுகள் கழித்து இந்தச் செய்தியை அறிந்தபோது, ஊர்ப்பெயர் ஒன்று திடீரென்று நமக்கு உறவாகிவிட்டதுபோல இருந்தது.

இன்று நான் பேச வந்தது அதே சிம்கோ ஏரியில், கட்டணம் செலுத்தி, ஒரு வழிகாட்டியின் துணையோடு தூண்டில் போடும் பயணங்களைப் பற்றி. பேரேரிகளை விட்டுவிட்டுப் பார்த்தால் தென் ஒன்ராறியோவின் மிகப் பெரிய ஏரி இதுதான். பரப்பு 722 சதுர கிலோமீற்றர். ஸ்காபரோவிலிருந்தோ மார்க்கத்திலிருந்தோ காரில் ஒரு மணி நேரத்தில் அதன் தென்கரைக்குப் போய்விடலாம். அங்கே இத்தகைய பயணங்களை நடத்துவோரின் விளம்பரங்களில் தவறாமல் ஒரு வாசகம் இருக்கும்: எல்லாத் திறன் நிலையினருக்கும் ஏற்றது. தூண்டிலைத் தொட்டே அறியாத பாட்டியையும், பத்து வயதுப் பேரனையும், முப்பது ஆண்டுகளாக மீன் பிடிக்கும் மாமாவையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு ஒரு வழிகாட்டி என்ன செய்துவிட முடியும் என்ற ஐயம் எனக்கும் ஒரு காலத்தில் இருந்தது.

அந்த ஐயம் தீர்ந்தது ஒரு மாரிகாலத்தில். எங்கள் குடும்பத்தில் ஆறு பேர் ஏரியின் தென்முனையிலுள்ள குக்ஸ் விரிகுடாவுக்குப் போயிருந்தோம். பனிக்கட்டிக்கு மேல் மரக்குடில், உள்ளே எரிவாயு அடுப்பு, இருக்கைகளுக்கு முன்னால் ஏற்கெனவே துளைத்து வைத்த ஓட்டைகள். கடற்கரையில் பிறந்தவன், கைத்தூண்டில் போட்டவன் என்ற மிதப்பில் நான் வழிகாட்டி சொன்ன எதையும் காதில் வாங்கவில்லை. என் அக்காவின் மகளுக்கு அதுதான் முதல் நாள். அவர் சொன்னதை எழுத்துப் பிசகாமல் செய்தாள். நண்பகலுக்குள் அவள் பதினெட்டு மீன் பிடித்திருந்தாள். நான் பிடித்தவை மூன்று.

காரணத்தை வழிகாட்டிதான் விளக்கினார். நீர் 4 பாகை செல்சியசில்தான் மிகவும் அடர்த்தியாக இருக்கும். ஆகவே மாரியில் பனிக்கட்டியை ஒட்டிய மேல்நீர் உறைநிலையை நெருங்கியிருக்க, ஒப்பளவில் வெப்பமான நீர் அடியிலே தங்கிவிடுகிறது. மீன்கள் பெரும்பாலும் அந்த அடித்தளத்தை ஒட்டியே நிற்கும். குளிரில் அவற்றின் உடலியக்கம் மந்தப்படுவதால் அவை பாய்ந்து வந்து கவ்வுவதில்லை. இரையை மெல்ல உறிஞ்சிப் பார்த்து, பிடிக்காவிட்டால் துப்பிவிடும். மஞ்சள் பேர்ச் எனப்படும், உள்ளங்கை நீளத்துக்குச் சற்றே கூடிய அந்த மீனின் கடி, தூண்டில் நரம்பான தங்கூசியில் ஒரு சிறு நடுக்கமாக மட்டுமே தெரியும். கடல் மீனுக்குப் பழகிய என் கை அந்த நடுக்கத்தை உணரவே இல்லை. உணர்ந்த வேளைகளில் வெடுக்கென்று இழுத்து, அதன் மெல்லிய வாயைக் கிழித்துத் தப்பவிட்டது. ஒரு நீரில் பெற்ற திறமை இன்னொரு நீரில் குறுக்கே நிற்கும் என்பதை அந்த மூன்று மீன்கள் எனக்குக் கற்பித்தன.

அதன் பிறகுதான் வழிகாட்டியின் தொழிலைக் கவனித்துப் பார்க்கத் தொடங்கினேன். புதியவருக்கு அவர் சொல்லிக்கொடுப்பவை மிகச் சில: இரையை அடிவரை இறக்கு, ஒரு சாண் உயர்த்து, அசைத்துவிட்டுச் சும்மா இரு. சிறுவர்களை அவர் ஆழம் குறைந்த, பேர்ச் கூட்டமாகத் திரியும் இடத்திலேயே வைத்திருப்பார்; ஏனெனில் பத்து வயதுப் பிள்ளைக்கு ஒரு பெரிய மீனுக்காக நான்கு மணி நேரம் காத்திருப்பதைவிட, பதினைந்து நிமிடத்துக்கு ஒரு சிறிய மீன் கிடைப்பதே தேவை. பழகியவர்களோடுதான் அவருக்கு உண்மையான பாடு. அவர்கள் கொண்டுவரும் தடித்த தங்கூசியையும் பெரிய தூண்டில் முள்ளையும் மனம் நோகாமல் பையில் திரும்ப வைக்கச் செய்ய வேண்டும். நீருக்கடியில் இருப்பதை ஒலியலையால் காட்டும் சோனார் திரையில் தெரியும் கோடுகளில் எது மீன், எது இரை, எது அடித்தரை என்று படிக்கப் பழக்க வேண்டும். பிறகு கெம்பன்ஃபெல்ட் விரிகுடாவின் பக்கம் அழைத்துப் போக வேண்டும். பாரி நகரத்தை ஒட்டிய அந்த விரிகுடாவில்தான் ஏரியின் மிகப் பெரிய ஆழம், ஏறத்தாழ 41 மீற்றர், இருக்கிறது. லேக் ட்ரவுட்டும் வைற்பிஷும் தேடுவோர் நாடுவது இத்தகைய ஆழமான நீரைத்தான். அங்கே ஒரு நாள் முழுதும் இருந்து வெறுங்கையோடு திரும்புவது சாதாரணம். அதை வழிகாட்டி முதல்நாளே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் மீனுக்கு உறுதி கொடுப்பவரை நான் நம்புவதில்லை.

லேக் ட்ரவுட்டைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். வாழ்வதற்குக் குளிர்ந்த நீரும் அந்த நீரில் போதிய பிராணவாயுவும் வேண்டிய மீன் அது. சுற்றியுள்ள நகரங்களிலிருந்தும் வயல்களிலிருந்தும் வந்து சேர்ந்த பொசுபரசு ஏரியில் பாசியைப் பெருக்கியது; பாசி மடிந்து அடியில் அழுகியபோது ஆழ்நீரின் பிராணவாயு குறைந்தது; பல பத்தாண்டுகள் லேக் ட்ரவுட் அங்கே இயல்பாக இனம் பெருக்க முடியாமல், வளர்ப்பகங்களில் பொரித்த குஞ்சுகளை விட்டே அந்த இனத்தைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. அப்படி விடப்படும் குஞ்சுகளின் துடுப்பு ஒன்றைக் கத்தரித்துவிடுவார்கள். ஆகவே உங்கள் தூண்டிலில் ஏறிய ட்ரவுட்டின் துடுப்புகள் எல்லாம் முழுமையாக இருந்தால், அது ஏரியிலேயே பிறந்த மீனாக இருக்கக்கூடும். 2008இல் மாகாண அரசு இந்த ஏரிக்கென்றே தனிப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. இயற்கையாகப் பிறந்த ட்ரவுட்டுகள் மீண்டும் தென்படத் தொடங்கியிருக்கின்றன. நல்ல வழிகாட்டி மீனைப் பிடித்தவுடன் எடையைப் பார்ப்பதற்கு முன்னால் துடுப்பைப் பார்ப்பார்.

பிடித்ததைத் திரும்ப விடுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. ட்ரவுட்டும் வைற்பிஷும் தம் காற்றுப்பையிலுள்ள வாயுவை வாய்வழியாக வெளியேற்ற வல்லவை. ஆழத்திலிருந்து நிதானமாக ஏற்றிய ட்ரவுட்டைத் திரும்ப விட்டால் அது பிழைத்துக்கொள்ள நல்ல வாய்ப்பு உண்டு. பேர்ச்சுக்கும் பாஸ் என்னும் மீனுக்கும் அந்த வசதி இல்லை. ஆழத்திலிருந்து வேகமாக ஏற்றிய பேர்ச் வயிறு உப்பி மேலே மிதக்கும். அதை 'விட்டுவிட்டேன்' என்று மனநிறைவு கொள்வதில் பொருளில்லை. அப்படிப்பட்ட இடத்தில் தேவைக்கு மட்டும் பிடித்து, எடுத்துக்கொண்டு, தூண்டிலைச் சுருட்டிவிட வேண்டும்.

இனிப் பாதுகாப்பு. தனியாக ஒருவர் நடப்பதற்கே குறைந்தது 15 சென்ரிமீற்றர் தடிப்பான பனிக்கட்டி வேண்டும் என்பது கனடியச் செஞ்சிலுவைச் சங்கத்தின் அறிவுரை. பனி ஊர்திக்கு 25. அதுவும் தெளிந்த நீலப் பனிக்கட்டிக்கான கணக்கு. வெண்மையாகத் தெரிவது காற்றும் பனித்தூளும் கலந்தது, வலுக்குறைந்தது. ஏரி எங்கும் ஒரே சீராக உறைவதில்லை. ஆழம் குறைந்த குக்ஸ் விரிகுடா முதலில் மூடும். கெம்பன்ஃபெல்ட் பிந்தி மூடும். நீரோட்டம் உள்ள இடங்களும் அமுக்கத்தால் வெடிப்பு ஓடும் இடங்களும் நேற்று தாங்கியதை இன்று தாங்கா. ஒரு தை மாதத்தில், நாங்கள் எட்டுப் பேர் குளிராடைகளையெல்லாம் காரில் ஏற்றிவிட்ட பிறகு, விடிகாலை ஐந்து மணிக்கு வழிகாட்டி தொலைபேசியில் அழைத்து, இரவுக் காற்றில் பனிக்கட்டியின் வெடிப்பு விரிந்துவிட்டது, இன்று யாரையும் ஏற்ற மாட்டேன் என்றார். எங்களில் இருவர் கோபப்பட்டார்கள். நான் அவரிடமே அடுத்த கிழமைக்கு நாள் கேட்டு வைத்தேன்.

ஆகையால் பயணம் பதிவுசெய்யும் முன் நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகளுள் முதலாவது, காலநிலையால் பயணம் நின்றால் பணம் என்ன ஆகும் என்பது. திருப்பித் தருவதாகவோ வேறு நாள் தருவதாகவோ சொல்பவருக்கு, ஆபத்தான நாளில் உங்களை ஏற்றிச் செல்லும் நிர்ப்பந்தம் இருக்காது. மாரியில் குடிலுக்குள் காற்றோட்டமும் காபன் மொனொக்சைட்டு உணர்கருவியும் இருக்கின்றனவா என்று கேளுங்கள். கோடையில் படகென்றால், ஒவ்வொருவரின் உடல் அளவுக்கும் ஏற்ற உயிர்காப்பு அங்கி உண்டா என்று கேளுங்கள். பணம் பெற்று ஆட்களை ஏற்றும் படகு எவ்வளவு சிறியதாயினும் கனடாவின் கப்பற்போக்குவரத்துச் சட்டத்தில் அது வணிகக் கலம். பொழுதுபோக்குப் படகோட்டிகள் வைத்திருக்கும் சாதாரண அட்டை அதற்குப் போதாது. இவற்றையெல்லாம் கேட்டால் முகம் சுளிப்பவர் எவரோ, அவரைத் தவிர்ப்பது நல்லது. உங்களோடு வருபவர்களின் வயது, முழங்கால் வலி, நீந்தத் தெரியுமா என்பதையெல்லாம் அவராகவே விசாரித்தால் அது நல்ல அறிகுறி.

அனுமதிப்பத்திரம் பற்றிப் பலர் என்னிடம் கேட்பதுண்டு. வழிகாட்டிக்குக் கொடுக்கும் கட்டணத்தில் அது பெரும்பாலும் அடங்காது. கனடாவில் வசிப்போருள் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கும் ஒன்ராறியோவில் தூண்டில் போட உரிமம் வாங்கத் தேவையில்லை. வயதை மெய்ப்பிக்கும் அடையாள அட்டை கையில் இருந்தால் போதும். ஆனால் ஊரிலிருந்து விருந்தினராக வந்திருக்கும் அம்மம்மாவுக்கு இந்தச் சலுகை இல்லை. எழுபது வயதானாலும் தூண்டிலைக் கையில் எடுப்பதாயின் அவருக்கு உரிமம் வேண்டும். உரிமத்தில் இரண்டு வகை உண்டு. இந்த ஏரியில் முழு வகை எடுத்தவர் ஒரு நாளில் 50 பேர்ச் வரை வைத்திருக்கலாம், காப்பு வகை எடுத்தவர் 25. ஒரு குடும்பத்துக்கு இருபத்தைந்தே தாராளம் என்பது என் எண்ணம். பனிக்கட்டியில் ஒருவர் இரண்டு தூண்டில்கள் போடலாம். இரண்டும் 60 மீற்றருக்குள், கண்பார்வையில் இருக்க வேண்டும். மிஞ்சிய உயிர் இரையை ஏரியிலோ கரையிலோ கொட்டக் கூடாது. எந்த மீனுக்கு எந்தக் காலம் திறப்பு என்பது மாறக்கூடியது. அதை அந்தந்த ஆண்டின் அரசு விதிநூலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோடைப் பயணத்தை நான் சுருக்கமாகவே சொல்வேன், ஏனெனில் அதில் எனக்கு அனுபவம் குறைவு. சிம்கோவின் சிறுவாய் பாஸ் அதன் பருமனுக்காகப் பெயர் பெற்றது. அதைத் தேடி வெளியூர்களிலிருந்தும் தூண்டிலாளர்கள் வருகிறார்கள். அகன்ற ஏரியாதலால் பிற்பகல் காற்றில் அலை எழும். முதல்முறை வருபவர்களுக்குக் காலைப் பயணமே உகந்தது.

மீனைத் துண்டமாக்கி வீட்டுக்குக் கொண்டுவரும்போது ஒவ்வொரு துண்டிலும் சிறிது தோலை விட்டுவைக்க வேண்டும்; வழியில் அதிகாரி மறித்தால், எந்த மீன், எத்தனை என்று அவர் அறிய வேண்டும். முழுத் தோலையும் உரித்துத் தரும்படி வழிகாட்டியை வற்புறுத்தாதீர்கள். பேர்ச்சின் சதை வெள்ளையாக, முள் குறைந்து, மஞ்சளும் மிளகாய்த்தூளும் பிரட்டிப் பொரிப்பதற்கென்றே அமைந்ததுபோல இருக்கும். வைற்பிஷைச் சொதி வைத்தால் எங்கள் வீட்டில் யாரும் பாரை மீனை நினைத்து ஏங்குவதில்லை. பெரிய, வயது முதிர்ந்த ட்ரவுட்டில் பாதரசம் கூடுதலாக இருக்கலாம் என்பதால், கருவுற்ற பெண்களும் சிறு பிள்ளைகளும் எவ்வளவு உண்ணலாம் என்று ஏரிவாரியாகக் கூறும் மாகாண அரசின் வழிகாட்டிக் கையேடு ஒன்று உண்டு. அதை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

கடைசியாக ஒரு செய்தி. பெப்ரவரி மாதத்தில் குடும்ப தின விடுமுறையை ஒட்டிய வார இறுதியில், கனடாவில் வசிப்போர் ஒன்ராறியோவில் உரிமம் இல்லாமலே தூண்டில் போட அரசு இடமளிக்கிறது. பிடிக்கும் எண்ணிக்கை காப்பு வகை அளவோடு நிற்க வேண்டும். முதல்முறை போக நினைக்கும் குடும்பங்களுக்கு அது நல்ல நாள். ஆனால் எல்லோரும் அதையே நினைப்பதால், அந்த வார இறுதிக்கான குடில்கள் விரைவில் நிரம்பிவிடும். மார்கழி மாதத்திலேயே பேசி வைத்துவிடுங்கள். எத்தனை பேர், எந்த வயதினர் என்று சொல்லும்போது, கடல் மீன் பிடித்துப் பழகிய ஒருவர் வருகிறார் என்றால் அதையும் மறவாமல் சொல்லிவிடுங்கள்.

நன்றி. வணக்கம்.