சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி

நேயர்களுக்கு வணக்கம்.

திங்கள் முதல் சனி வரை கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு பார்க்கிறேன். ஞாயிறு காலை எட்டு மணிக்கு, கெடிலம் பாலம் தாண்டித் திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் டே டூட்டி. "ஏம்மா, ஆபீஸ் சம்பளம் போதலையா?" என்று தெருவில் கேட்காதவர் இல்லை. ஞாயிற்றுக்கிழமைச் சம்பளம் பெட்ரோலுக்கும் காய்கறிக்கும் சரி. படித்தது நர்சிங். தபால் வழியில் பி.காம். முடித்துப் பிறகுதான் கணக்கு வேலைக்கு வந்தேன். பழகிய வேலையை ஒரேயடியாக விட மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

முதல் வருஷம் நான் எடுத்தது சனிக்கிழமை நைட் டூட்டி. ஜிஎஸ்டி வேலை தெரிந்தவர்களுக்கு மாதத்தின் 11, 20 என்றாலே வயிற்றில் புளி கரைக்கும். 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரம், 20ஆம் தேதிக்குள் 3பி என்கிற வரிக் கணக்கு போட்டாக வேண்டும். கடைக்காரர்களோ பில் கட்டை 19ஆம் தேதி சாயங்காலம்தான் மஞ்சள் பையில் கொண்டுவந்து போடுவார்கள். ஒரு மாதம் 20ஆம் தேதி சனிக்கிழமையாக வந்தது. காலை ஐந்துக்கு எழுந்து, சமைத்து, ஆபீஸ் போய், கடைசி ரிட்டர்னைப் போட்டபோது இரவு ஏழு. எட்டுக்கு யூனிபார்ம்.

மறுநாள் காலை ஆறு மணி. ஒரு பெரியவருக்கு ஆகாரத்துக்கு முன்னால் இன்சுலின் 20 யூனிட். மருந்தை எடுத்தேன், 20 என்ற கோடு வரை சரியாக இழுத்தேன். கூட இருந்த சீனியர் சிஸ்டர் குனிந்து தரையைப் பார்த்தார்.

"ஏன் பாப்பா, சிவப்பு மூடி கிடக்கு?"

நம் ஊரில் இன்சுலின் பாட்டில் இரண்டு வீரியத்தில் வருகிறது. ஒரு மில்லியில் 40 யூனிட் ஒன்று, 100 யூனிட் ஒன்று. 40க்கு உரிய சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு. என் கையில் இருந்தது 100 யூனிட் பாட்டில், சிவப்பு மூடி சிரிஞ்சு. கோடு 20தான், ஆனால் உள்ளே இருந்தது 50 யூனிட். போட்டிருந்தால் அந்தப் பெரியவருக்குச் சர்க்கரை அடியோடு இறங்கி நினைவு தப்பியிருக்கும். வீட்டில் இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்களும் மூடியையும் பாட்டிலையும் ஒருதரம் சேர்த்துப் பாருங்கள்.

பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் நிதானம், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் மது இருப்பவரின் நிதானத்துக்குச் சமம் என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். நம் நாட்டில் வண்டி ஓட்டச் சட்டம் விடுவது 30 மில்லிகிராம் வரை. அன்று நான் விழித்திருந்தது 25 மணி நேரம். அதற்கப்புறம் ஸ்கூட்டியில்தான் பாலத்தைத் தாண்டி வீட்டுக்கு வந்தேன்.

அந்த வாரமே நைட் டூட்டியை விட்டேன். இரண்டு இடத்திலும் இன்னொரு வேலையைப் பற்றிச் சொன்னேன். ஆடிட்டர் சார் முகம் சுளித்தார். "20ஆம் தேதி தவறாம இருந்தா சரி" என்றார். நர்சிங் ஹோமில் நர்ஸ்களுக்குத் தலைமையான மேட்ரன் கேட்டது ஒன்றுதான், எந்த ஞாயிறு வரமாட்டாய் என்பதை மாத ஆரம்பத்திலேயே சொல்லிவிடு என்று. எல்லோருக்கும் இப்படி வாய்க்காது. வேறு வேலை கூடாது என்று அப்பாயின்ட்மென்ட் ஆர்டரிலேயே எழுதியிருக்கும் கம்பெனிகள் உண்டு, முதலில் அதைப் படியுங்கள். ஒரு தொழிற்சாலையில் வேலை செய்த அதே நாளில் இன்னொரு தொழிற்சாலையில் வேலை செய்ய, 2025 வரை இருந்த தொழிற்சாலைகள் சட்டமே பொதுவாக அனுமதிக்கவில்லை.

இதை என் சாமர்த்தியம் என்று நினைத்துவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை என் பிள்ளைகளுக்குச் சோறு போடுவது அத்தை. அவர் முடியாது என்றால் அன்றே இது நின்றுவிடும்.

வேடிக்கை ஒன்று. நோயாளிக்கு உள்ளே போன திரவம், வெளியே வந்த சிறுநீர் என்று எழுதும் சார்ட்டைக் கூட்டிக் கொடுக்க இப்போது எல்லோரும் என்னிடம்தான் வருகிறார்கள். வரவு செலவு பார்க்கிறவளாம்.

இந்த மாதம் 20ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. மேட்ரன் தன் காலண்டரில் அந்தக் கட்டத்தில் என் பெயரை அடித்துவிட்டு வேறு பெயர் எழுதிவிட்டார். 27ஆம் தேதி காலை எட்டு மணிக்குப் போவேன். வணக்கம்.